கர்ப்பப்பை உள்சவ்வு பயாப்ஸி: ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, நிற்கும் வயதில் போக்கு தாறுமாறாக ஆனாலோ, ஸ்கேனுக்கு அடுத்து டாக்டர் எழுதிக் கொடுப்பது கர்ப்பப்பை உள்சவ்வின் பயாப்ஸி. எண்டோமெட்ரியம் என்று அவர்கள் சொல்வது இந்த உள்சவ்வைத்தான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றைச் சுற்றியே இருக்கும்: இதை நம்பி நிம்மதியாக இருக்கலாமா?

பயாப்ஸியை எப்படி எடுக்கிறார்கள்? மயக்கம் கொடுப்பார்களா?

பைப்பெல் என்று ஒரு வளையும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். அதைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, உள்ளிருக்கும் தண்டை இழுத்தால் சவ்வுத் துணுக்குகள் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு வரும். பெரும்பாலும் ஓ.பி.யிலேயே, மயக்கம் கொடுக்காமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடுமையான மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரசவமே ஆகாதவர்களுக்கும், மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்களுக்கும் வாய்ப்பகுதி இறுகியிருக்கும். குழாய் நுழையாமலே போவதும் உண்டு. வலி தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து எடுக்கும் வழி இருக்கிறது.

அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. லேசாக ரத்தம் பட்டதால் பயாப்ஸி எடுத்தோம். 'புற்று இல்லை' என்று வந்துவிட்டது. இனி கவலை வேண்டாம்தானே?

அம்மாவுக்கு ரத்தம் நின்றுவிட்டதா? பதில் அதைப் பொறுத்தது.

ரிப்போர்ட்டில் போதுமான திசு கிடைத்திருக்கிறது, அது வயதுக்கேற்ற மெலிந்த சவ்வு, ஸ்கேனிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, ரத்தமும் அதோடு நின்றுவிட்டது. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சவ்வு மெலிந்து உலர்ந்து போனதாலோ, சிறு சதை வளர்ச்சியாலோதான் ரத்தம் வருகிறது.

ஆனால் ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, சில மாதம் நின்று மறுபடி பட்டாலோ, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். "போன தடவையே ஒன்றுமில்லை என்று வந்ததே" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து. ஒருநாள் எடுத்த துணுக்கில் என்ன இருந்தது என்பதை மட்டுமே ரிப்போர்ட் சொல்கிறது. ரத்தப்போக்கோ கர்ப்பப்பை முழுவதும் சேர்ந்து காட்டும் அறிகுறி. இரண்டும் முரண்பட்டால் ரத்தப்போக்கின் பக்கம் நில்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எண்ணிக்கையில் சொல்லுங்களேன். நூற்றுக்கு எத்தனை புற்றைப் பிடிக்கும்?

ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. மாறுவதற்கும் காரணம் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, 39 ஆய்வுகளில் இருந்த கிட்டத்தட்ட 8,000 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மாதவிடாய் நின்றவர்களிடம் பைப்பெல் 99 சதவீதத்துக்கும் மேல் புற்றைக் கண்டுபிடித்தது. நிற்காதவர்களிடம் 91 சதவீதம். இந்த 99 என்ற எண்ணைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 2016இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, பயாப்ஸி முடிவை ஹிஸ்டரோஸ்கோபியோடு (கர்ப்பப்பைக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்ப்பது) ஒப்பிட்டபோது, அது சுமார் 90 சதவீதத்துக்கு இறங்கியது. பாலிப் போன்ற சதை வளர்ச்சிகளைப் பொறுத்தவரை 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

2002இல் வந்த ஒரு கணக்கு நமக்கு இன்னும் பயன்படும். ரத்தப்போக்கோடு வரும் 100 பெண்களில் ஏறக்குறைய 6 பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், போதிய திசுவோடு 'இல்லை' என்று வந்தவர்களில் புற்று இருக்கும் வாய்ப்பு 100க்கு 1க்கும் சற்றுக் கீழே போகிறது. பெரிய ஆறுதல்தான். அந்தப் 'போதிய திசுவோடு' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இருக்கிற புற்று எப்படித் தப்புகிறது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானைச் சோறு ஒரே சீராக வேகிறது, அதனால் அங்கே அது சரி. கர்ப்பப்பைக்குள் புற்று சீராகப் பரவியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மூலையில் நாணய அளவில் இருக்கலாம், ஒரு பாலிப்பின் நுனியில் மட்டும் இருக்கலாம். பைப்பெல் கண்ணால் பார்க்காமல் எடுக்கும் கருவி. 1993இல் கர்ப்பப்பைகளை அகற்றிய பிறகு அளந்து பார்த்த ஓர் ஆய்வில், அது தொட்டது உள்சவ்வின் பரப்பில் சராசரியாக 4 சதவீதம்தான்.

1995இல் வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புற்று இருப்பது ஏற்கெனவே தெரிந்த 65 பெண்களுக்கு, கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் பைப்பெல் வைத்துப் பார்த்தார்கள். 54 பேரிடம் அகப்பட்டது, 11 பேரிடம் தப்பியது. தப்பியவர்களில் 5 பேருக்குப் புற்று பாலிப்புக்குள் மட்டுமே இருந்தது. இன்னும் 3 பேருக்கு அது பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான இடத்தைத்தான் பிடித்திருந்தது. பரப்பில் பாதிக்கு மேல் பரவியிருந்தால் இந்தக் குழாய் தவறவிடுவது அரிது. ஆனால் நாம் கண்டுபிடிக்க ஆசைப்படுவது சிறிதாக இருக்கும்போதே அல்லவா?

கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி இருந்து உள்ளறையை ஒருபக்கமாகத் தள்ளியிருந்தாலும் குழாய் எல்லா இடத்துக்கும் போகாது. ஸ்கேனில் பாலிப் அல்லது நார்க்கட்டி என்று எழுதியிருந்தால், பயாப்ஸி எடுக்கும் டாக்டரிடம் அந்த ஸ்கேனைக் காட்டாமல் படுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் 'திசு போதவில்லை' என்று எழுதியிருக்கிறது. அதுவும் நெகட்டிவ்தானே?

இல்லை. இதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்வதால் எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கின்றன.

'ஸ்கேன்ட்டி டிஷ்யூ', 'இன்அடிக்வேட்', 'ரத்தமும் சளியும் மட்டும்' என்று பேத்தாலஜிஸ்ட் எழுதினால், பார்ப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். மாதவிடாய் நின்றவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். முன்பு சொன்ன 2016 தொகுப்பில் பத்தில் மூன்று பேருக்குத் திசு போதவில்லை. இன்னும் பத்தில் ஒருவருக்குக் குழாயை உள்ளே விடவே முடியவில்லை. இப்படி முடிவு கிடைக்காமல் போனவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, சுமார் 7 சதவீதம் பேருக்குப் புற்றோ அதன் முந்தைய நிலையோ இருந்தது.

அதனால் அடுத்து என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுத்த ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ தெளிவாகத் தெரிந்து, ரத்தமும் நின்றிருந்தால், சவ்வு மெலிந்திருப்பதால்தான் திசு வரவில்லை என்று எடுத்துக்கொண்டு கவனித்து வரலாம். சவ்வு தடித்திருந்தும் திசு வரவில்லை என்றால் அப்படி விட முடியாது. அப்போது ஹிஸ்டரோஸ்கோபிதான் சரி.

புற்று என்று வந்துவிட்டது. அது தவறாக இருக்க வாய்ப்புண்டா?

மிகக் குறைவு. மேலே சொன்ன 2000ஆம் ஆண்டுத் தொகுப்பில், புற்று இல்லாதவரை 'இல்லை' என்றே சரியாகச் சொல்லும் திறன் 98 சதவீதத்துக்கு மேல் இருந்தது. சில சமயம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்த்தால் புற்றின் முந்தைய நிலை மட்டும் இருக்கும். அப்போதும் சிகிச்சை வீணாகிவிடுவதில்லை. இன்னொருவர் கருத்து வேண்டுமானால் தாராளமாகக் கேளுங்கள், அதற்காக மாதங்களைக் கடத்தாதீர்கள்.

'ஹைப்பர்பிளேசியா' என்று எழுதியிருக்கிறது. புற்றா, இல்லையா?

அதற்குப் பக்கத்தில் உள்ள சொல்லைப் பாருங்கள். 'வித்தவுட் எடிபியா' என்றால் சவ்வு மிகையாக வளர்ந்திருக்கிறது, அணுக்கள் கெடவில்லை. இது 20 வருடத்தில் புற்றாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலும் புரொஜெஸ்டின் மாத்திரை அல்லது ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி போன்ற கருவியிலேயே சரியாகிவிடும். சரியானதை மறு பயாப்ஸி எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

'வித் எடிபியா' அல்லது 'ஏட்டிபிக்கல்' என்றிருந்தால் வேகமாக முடிவெடுக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பயாப்ஸியில் இப்படி வந்த 289 பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தபோது 123 பேருக்கு, அதாவது 43 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட, உள்ளே ஏற்கெனவே புற்று இருந்தது. 'இன்னும் புற்று ஆகவில்லை' என்று ரிப்போர்ட் சொல்வதைப் பாதிப் பேருக்குத்தான் நம்ப முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பெற்று முடித்தவர்களுக்குக் கர்ப்பப்பையை எடுப்பதையே டாக்டர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன் ஹிஸ்டரோஸ்கோபியில் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும்.

டி அண்ட் சி செய்து சுத்தம் பண்ணிவிட்டால் எல்லாம் வந்துவிடுமே? அது பைப்பெல்லை விட நல்லதில்லையா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். டி அண்ட் சி-யில் திசு கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் கண்ணால் பார்க்காமல் சுரண்டுவதுதான். 1975லேயே ஓர் ஆய்வில், கர்ப்பப்பை எடுப்பதற்கு முன் டி அண்ட் சி செய்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு உள்ளறையில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை என்று தெரிந்தது. பாலிப் நழுவிப் போய்விடும், கரண்டியில் சிக்காது.

கேமராவை உள்ளே விட்டு, சந்தேகமான இடத்தைப் பார்த்தே எடுக்கும் ஹிஸ்டரோஸ்கோபிதான் இன்று மேலான வழி. எல்லாருக்கும் முதலிலேயே அது வேண்டும் என்பதில்லை. முதலில் பைப்பெல்; திசு போதாமல் போனாலோ, ஸ்கேனில் பாலிப் தெரிந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ ஹிஸ்டரோஸ்கோபி. டி அண்ட் சி-யை மட்டும் மறுபடி மறுபடி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மயக்கம் கொடுப்பதாக இருந்தால் அதே தடவையில் கேமராவிலும் பார்த்துவிட முடியுமா என்று கேளுங்கள்.

ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பயாப்ஸியே வேண்டாமா?

மாதவிடாய் நின்ற பிறகு முதல் தடவை ரத்தம் பட்டவர்களுக்கு, சவ்வு முழுவதும் தெளிவாகத் தெரிந்து 4 மில்லிமீட்டரோ குறைவாகவோ இருந்தால், புற்று இல்லை என்பது 99 சதவீதத்துக்கு மேல் உறுதி. அவர்களுக்கு உடனே பயாப்ஸி எடுக்காமல் கவனிக்கலாம்.

இதற்கு விலக்குகள் உண்டு. சீரஸ் என்ற வகைப் புற்று மெலிந்த சவ்விலும் வரும், வேகமாகவும் பரவும். அதனால் ரத்தம் திரும்ப வந்தால் மில்லிமீட்டரைப் பார்க்காமல் பயாப்ஸி எடுக்க வேண்டும். நார்க்கட்டி மறைத்து சவ்வைச் சரியாக அளக்க முடியாதவர்களுக்கும் இந்த 4 என்ற எண் பொருந்தாது. மாதவிடாய் வந்துகொண்டிருப்பவர்களுக்கோ அது பொருந்தவே பொருந்தாது. சுழற்சியின் நாளைப் பொறுத்து அவர்களுடைய சவ்வு இயல்பாகவே தடிக்கும், மெலியும்.

போன வருடம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல். அது போதாதா?

போதாது. பாப் ஸ்மியர் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியைப் பார்க்கும் பரிசோதனை. உள்சவ்வில் வரும் புற்றைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது.

எனக்கு 43 வயது. மாதவிடாய் இன்னும் வருகிறது, ஆனால் மாதத்தில் பாதி நாள் ரத்தம். எனக்கு எதற்குப் பயாப்ஸி?

இந்திய மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பின் வழிகாட்டுதல், இயல்புக்கு மாறான ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு 40 வயதுக்கு மேல் உள்சவ்வுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் 45. அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு, உடல் எடை மிகுதி, சர்க்கரை, ரத்த அழுத்தம், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு), குடும்பத்தில் குடல், கருப்பை அல்லது சினைப்பைப் புற்று என்று ஏதாவது இருந்தால் எடுக்க வேண்டும்.

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களைப் பற்றி எனக்குத் தனியாகவே அக்கறை உண்டு. மூன்று நான்கு மாதம் மாதவிடாய் வராமல், வந்தால் கொட்டித் தீர்ப்பது இவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போயிருக்கும். முட்டை வெளிவராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வை வளர்த்துக்கொண்டே போகிறது. அதை அடக்க புரொஜெஸ்டிரோன் வருவதில்லை. வருடக்கணக்கில் இப்படிப் போனால்தான் ஹைப்பர்பிளேசியாவும், அதிலிருந்து புற்றும் வருகின்றன. "எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்பதை ஒரு காரணமாக வைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மார்பகப் புற்றுக்குத் தமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். ஸ்கேனில் சவ்வு தடித்திருக்கிறது என்கிறார்கள்.

அந்த மாத்திரையால் புற்று இல்லாமலே சவ்வு ஸ்கேனில் தடித்துத் தெரியும். ரத்தம் படாதவரை அந்த அளவை மட்டும் வைத்துப் பயாப்ஸி எடுக்க வேண்டியதில்லை. ஒரு சொட்டு பட்டாலும் உடனே போக வேண்டும். இந்த மாத்திரையால் பாலிப்கள் அதிகம் வரும் என்பதால், ஹிஸ்டரோஸ்கோபியில் பார்த்து எடுப்பது இவர்களுக்கு நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சதை எடுத்தால் புற்று கிளம்பிப் பரவிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார்.

'கத்தி பட்டால் பரவும்' என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. முற்றிய நிலையில் கண்டுபிடித்து, அறுவைக்குப் பிறகு சீக்கிரமே இறந்தவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பயம் வந்திருக்கிறது. பயாப்ஸி எடுத்ததால் இந்தப் புற்று பரவி ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஹிஸ்டரோஸ்கோபியில் திரவம் செலுத்தும்போது சில அணுக்கள் வயிற்றறைக்குள் போகலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி அணுக்கள் போன பெண்களின் ஆயுட்காலம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நேரில் கேட்டால் பயம் தணியும்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு? கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டதே?

பயாப்ஸி எடுக்காமல் கர்ப்பப்பையை எடுப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். உள்ளே புற்று இருந்தால் அறுவை சிகிச்சையே வேறு: சினைக்குழாய், சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பார்கள், நிணநீர்க் கட்டிகளைப் பார்ப்பார்கள், சிதையாமல் முழுதாக வெளியே எடுப்பார்கள். தெரியாமல் லேப்ராஸ்கோபியில் துண்டு துண்டாக அரைத்து எடுத்தால் புற்று வயிற்றுக்குள் சிதறும். துண்டாக்கும் அந்தக் கருவியைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது இந்த ஆபத்தால்தான். பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அந்த அறுவை சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம்.

பயாப்ஸியில் 'கிரேடு 1' என்றார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு 'கிரேடு 2' என்கிறார்கள். யார் தவறு?

யாருடைய தவறும் இல்லை. பயாப்ஸியில் சொல்லும் கிரேடும் கடைசிக் கிரேடும் மூன்றில் இரண்டு பேருக்குத்தான் ஒத்துப்போகின்றன. சிறு துணுக்கில் கிரேடு சொல்வது கடினம். புற்றின் மூலக்கூறு வகையைச் சொல்லும் பி53, எம்.எம்.ஆர். போன்ற சோதனைகள் துணுக்கிலும் முழுக் கர்ப்பப்பையிலும் பெரும்பாலும் ஒரே முடிவைத் தருகின்றன. அதனால் அவற்றைப் பயாப்ஸியிலேயே செய்துவிட முடியுமா என்று கேட்பது பயனுள்ளது. எம்.எம்.ஆர். குறைபாடு வந்தால் லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உங்கள் அக்கா தங்கைகளுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய செய்தி.

சாம்பிள் பாட்டிலை எங்கள் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

பாட்டிலில் திசு ஃபார்மலினில் மூழ்கியிருக்கிறதா, பெயரும் வயதும் சரியா என்று பாருங்கள். உடன் போகும் சீட்டில் கடைசி மாதவிடாய்த் தேதியும், சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைகளும் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேத்தாலஜிஸ்ட் இயல்பான மாற்றத்தையே சந்தேகப்பட நேரிடும். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயும் இருப்பதால், அந்தச் சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு பகுதியைத் தனியாக சலைனில் அனுப்புவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதற்குப் பிறகு கல்ச்சர் செய்ய முடியாது. இரண்டு பாட்டிலும் மாறிவிடக் கூடாது.

வேறு ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதுமா?

போதாது. மெழுகில் பதித்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அங்குள்ள பேத்தாலஜிஸ்ட் அவற்றைத் தாமே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், தேவைப்பட்டால் பிளாக்கிலிருந்து புதிதாக வெட்டி பி53, எம்.எம்.ஆர். சோதனைகளையும் செய்துகொள்வார். இன்னொரு முறை பயாப்ஸிக்குப் படுக்க வேண்டியிருக்காது. பிளாக்கைக் காரில் வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.